இளவறுப்பு

காபிக் கொட்டையை அடுப்பிலிருந்து எப்போது இறக்குவது என்று மூக்கருக்கு எந்தக் கடிகாரமும் சொன்னதில்லை. மூக்குதான் சொல்லும். அதனாலேயே அந்தத் தெருவில் அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் நினைவில்லாமல் போயிற்று. அவருடைய காபிப்பொடிக் கடையை ஒட்டிய கடையில் பெண்களுக்கு முடி வெட்டிக்கொண்டிருந்த அவர் மனைவியும் அவரை அப்படித்தான் கூப்பிட்டாள்.

"மூக்கரே, எனக்கு ஒரு வறுப்பு வேணும். ரொம்ப லேசா. கொட்டை வெடிக்கறதுக்கு முன்னாடியே எடுத்துடணுமாம்."

"வெடிக்காத கொட்டையில டிகாக்‌ஷன் போட்டா வைக்கோல் ஊறின தண்ணி மாதிரி இருக்கும். யாரு குடிப்பா?"

"யாரும் குடிக்கப் போறதில்ல. வேற வழியா உள்ள போகும்."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் சிரித்துவிட்டார். "அந்தப் பக்கம் சர்க்கரை எத்தனை ஸ்பூன்?" என்று கேட்டார். அவள் துண்டால் அவரை அடித்துவிட்டுத் தானும் சிரித்தாள். அப்புறம் இரண்டு பேருமே சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள்.

அவள் இடது மார்பில் ஒரு கட்டி இருந்தது. காபிக் கொட்டை அளவுதான். "இப்பவே எடுத்துட்டா பொழைச்சுக்கலாம், தள்ளிப்போடாதீங்க" என்று டாக்டரம்மா தெளிவாகச் சொல்லியிருந்தார். அங்கே தலையை ஆட்டிவிட்டு வந்தவள், நேராகத் தன் வாடிக்கைக்காரி ஒருத்தி நடத்தும் நலவாழ்வு மையத்துக்குப் போய்விட்டாள். காபியை எனிமாவாக ஏற்றினால் கல்லீரல் கழுவப்பட்டு, உடம்பிலுள்ள நஞ்செல்லாம் வெளியேறி, கட்டி தானாகக் கரைந்துவிடும் என்றார்கள் அங்கே.

"ஆஸ்பத்திரிக்கே போயிடலாம்மா."

"எங்க அக்கா தலையை நான்தான் மழிச்சேன். இதே மெஷின்ல. 'மருந்து ஏத்தினதும் கொட்டிடும், நீயே எடுத்துடு'ன்னு சிரிச்சுக்கிட்டே உக்காந்தா. முடியும் போச்சு, அவளும் போயிட்டா. எனக்கு யாரு எடுத்துவிடுவா மூக்கரே? உங்களுக்குக் கத்தரி பிடிக்கக்கூடத் தெரியாது."

ஆஸ்பத்திரிக்குப் போனால் அவர் கைகளுக்கு ஒரு வேலையும் இருக்காது, மடியில் சும்மா கிடக்கும். இங்கே வேலை இருந்தது. இருக்கிற மூட்டைகளிலேயே நல்ல மூட்டையைப் பிரித்தார்.

காலையில் எழுந்ததும் பொடியைக் கொதிக்கவைத்து, மெல்லிய துணியில் இரண்டு தடவை வடிகட்டி, ஆறவைத்து, மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பார். குழந்தைக்குப் பால் கொடுப்பவர்கள் அப்படிப் பார்ப்பதைக் கண்டிருக்கிறார். இவர்களுக்குக் குழந்தை இல்லை. குளியலறையில் துண்டு மாட்டும் கொக்கியில் எனிமாப் பையைத் தொங்கவிட்டு, கதவைச் சாத்திவிட்டு வெளியே முக்காலி போட்டு உட்காருவார். உள்ளே அவள் வலப்பக்கமாகச் சாய்ந்து படுத்திருப்பாள்.

"இருக்கியா?"

"எங்க ஓடப் போறேன், இந்தக் கோலத்துல?"

கல்யாணமான புதிதில்கூட அவர்கள் அவ்வளவு பேசியதில்லை. பார்த்த படங்கள், போகாத ஊர்கள், அக்காவின் கோபம் எல்லாம் கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வந்து போயின. அந்தக் காலைகள் முடியக்கூடாது என்று அவர் ஆசைப்பட்டார். அதை நினைத்துத்தான் பின்னால் அவர் நெஞ்சு வெந்தது.

குடிக்கும் காபியை அவள் விட்டுவிட்டாள். மையத்தில் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். உடம்பு இளைத்தது. "என்னக்கா, சின்னப் பொண்ணு மாதிரி ஆயிட்டீங்க!" என்று முடி வெட்ட வந்தவர்கள் பொறாமைப்பட்டார்கள்.

"கட்டி எப்படிம்மா இருக்கு?"

"கரைஞ்சுக்கிட்டே வருது."

"தொட்டுப் பாக்கட்டுமா?"

"கையெல்லாம் பொடி. அப்புறம்."

அந்த அப்புறம் வரவே இல்லை. ஒரு மத்தியானம் அசந்து தூங்கியவளின் மேல் போர்வையை இழுத்துவிட்டபோது அவர் கை தற்செயலாகப் பட்டது. கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். காபிக் கொட்டை இல்லை அது. ஒரு கோழிமுட்டை.

"இனிமே வறுக்க மாட்டேன்," என்றார் அவள் விழித்ததும். "நாளைக்கு ஆஸ்பத்திரி. அவ்வளவுதான்."

"கொஞ்ச நாள் குடுங்க. யோசிக்கறேன்."

யோசிக்கிறாள் என்றுதான் நம்பினார். ஆனால் ஒரு காலை குளியலறைக் கதவைத் திறந்ததும் மூக்கு விழித்துக்கொண்டது. வேற்றாள் வறுத்த காபி. பழைய கொட்டை, ஒரு பக்கம் கருகியது, எப்போதோ அரைத்து டப்பாவில் கிடந்தது. சோப்புப் பெட்டிக்குப் பின்னால் அந்தப் பொட்டலம் ஒளிந்திருந்தது.

பையை அறுத்தெறிந்துவிட்டு அவளை அப்படியே வண்டியில் ஏற்றியிருக்க வேண்டும். அவருக்கு வந்ததோ வேறொரு கோபம். இந்தக் குப்பையா? என் வீட்டுக்காரி உடம்புக்குள்ளயா? பொட்டலத்தைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, கடைக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தார்.

"போடறதுதான் போடற, நல்லதையாவது போட்டுக்கோ," என்று புதுப்பொடியை அவள் கையில் வைத்தார். அவள் அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று எடுத்துக்கொண்டார்.

கொஞ்ச நாளில், கையில் கத்தரியோடு அவள் கடையிலேயே சரிந்தாள். பாதி வெட்டிய தலையோடு ஒரு பெண் தெருவுக்கு ஓடிவந்து கத்தினாள். ஆஸ்பத்திரியில், தினம் எனிமா ஏற்றியதில் உடம்பிலிருந்த உப்பெல்லாம் இறங்கி இதயமே தடுமாறுகிறது என்றார்கள். அதைச் சரிசெய்துவிட்டார்கள். பிறகு டாக்டரம்மா அவரை வராந்தாவுக்கு அழைத்துப்போனார்.

"கல்லீரலுக்குப் பரவிடுச்சுங்க. இனிமே ஆபரேஷன் பண்ணிப் பிரயோஜனமில்ல. மருந்துல கொஞ்ச நாள் தள்ளலாம். வலி தெரியாம பாத்துக்கலாம்."

"அன்னிக்கே வந்திருந்தா?"

டாக்டரம்மா தரையைப் பார்த்தார். "அன்னிக்கு அந்தக் கட்டி மட்டும்தான் இருந்துது."

"கல்லீரலைக் கழுவத்தானே..." என்றார்.

மருந்து வேண்டாம், வீட்டுக்குப் போகலாம் என்றாள் அவள். கடைக்கு மேலிருந்த அறையில், ஜன்னலை ஒட்டிப் படுக்கையைப் போட்டார். சில நாள் கண்மூடிக் கிடந்தவள் ஒரு சாயங்காலம் கண்ணைத் திறந்தாள்.

"மூக்கரே, ஒரு காபி குடுங்க. இந்தத் தடவை வாய் வழியா."

அவர் கீழே இறங்கி, கொட்டையை அளந்து போட்டார். கொட்டை பச்சை மாறி மஞ்சளானது. இன்னும் வெடிக்கவில்லை. அதற்குள் அவர் கை தானாக நீண்டு அடுப்பை அணைத்துவிட்டது. இத்தனை மாதமாகப் பழகிய கை. அணைந்த அடுப்பையும் வெளிறிய கொட்டைகளையும் பார்த்துக்கொண்டு நின்றார். அவற்றைக் கொட்டிவிட்டுப் புதிதாகப் போட்டார். இந்தத் தடவை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். படபடவென்று வெடித்தது. அவர் நகரவில்லை. எப்போது இறக்குவது? மூக்கைக் கேட்டார். அழுது அழுது மூக்கு அடைத்திருந்தது. ஒரு வாசனையும் ஏறவில்லை. குத்துமதிப்பாக இறக்கினார்.

அரைத்து, வடித்து, பால் சேர்த்து, அவள் தலையைத் தன் தோளில் சாய்த்து, டம்ளரை உதட்டில் வைத்தார்.

"சரியா வந்திருக்கா? எனக்குத் தெரியலம்மா."

அவள் ஒரு வாய் குடித்தாள். கண்ணை மூடி வாயிலேயே வைத்திருந்து, மெதுவாக விழுங்கினாள்.

"கருகிடுச்சு," என்றாள். "எடுத்துடாதீங்க. அப்படியே பிடிங்க."