பிரித்துப் போட்ட வண்டி

டெய்லர் அக்கா கடையை மூடப்போவதாகச் சொன்னதும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். அடுத்து நினைவுக்கு வந்தது கார். அக்காவுக்கு முட்டி போய்விட்டது, மகன் வீட்டோடு போய் இருக்கப்போகிறாள். மோட்டார் மெஷின், ஓரம் அடிக்கிற மெஷின், துணி வெட்டுகிற பெரிய மேஜை, பள்ளிக்கூடச் சீருடை ஆர்டர், இத்தனை வருடம் சேர்த்த வாடிக்கை எல்லாவற்றையும் என்னிடமே விட்டுப்போகத் தயாராக இருந்தாள்.

"இடம் மட்டும் பாத்துக்கோ. ரோட்டைப் பாத்த இடமா இருக்கணும். மாசக் கடைசி வரைக்கும் உனக்காக வச்சிருப்பேன். பின்தெருக்காரி இப்பவே கேட்டுக்கிட்டுத்தான் இருக்கா" என்றாள்.

ரோட்டைப் பார்த்த இடம் எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. வாசலை ஒட்டி, ஷட்டர் போட்ட ஷெட். நல்ல வெளிச்சம், நாலு பேர் வந்து நிற்கலாம். அதற்குள்தான் கார் இருக்கிறது. இருக்கிறது என்றால் மொத்தமாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. பம்பர் ஒரு மூலையில், முன்விளக்கு ஒரு அட்டைப்பெட்டியில், பின்கதவின் கைப்பிடி ஜன்னல் திட்டில் என்று ஷெட் முழுக்க இருக்கிறது. நானோ சமையலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவில் உள்ள நடையில் மெஷினைப் போட்டுக்கொண்டு, யாராவது குளிக்கப் போனால் காலை மடக்கி வழிவிட்டு, குழல்விளக்கில் கண்ணைச் சுருக்கித் தைத்துக்கொண்டிருக்கிறேன்.

என் வீட்டுக்காரருக்கு எடைமேடையில் வேலை. லாரி வந்து ஏறும், எடை பார்த்துச் சீட்டுக் கிழித்துக் கொடுப்பார், லாரி போய்விடும். நாள் முழுக்க ஊரார் வண்டிதான். ஒருநாள் பழைய இரும்பு ஏற்றிய லாரி ஒன்று மேடை ஏறியது. அதன் உச்சியில் இந்தக் கார் உட்கார்ந்திருந்ததாம். காரை இறக்கச் சொல்லிவிட்டு மீதிக்குத்தான் சீட்டுப் போட்டார். சாயங்காலம் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து நின்றார். "மழைக்கு முன்னாடி ஓட்டிடலாம்" என்றார். எந்த வருஷத்து மழை என்று நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. மகள் கல்யாணமாகிப் போன புதிது, வீடு வெறிச்சென்று கிடந்தது. மனுஷனுக்கு ஒரு பிடிப்பு வேண்டுமே என்று நானும்தான் நினைத்தேன்.

அப்புறம் கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். கிளட்சை மாற்றப் போனால் கியர்பாக்ஸில் பல் போயிருக்கும். ரேடியேட்டர் ஒழுகலை அடைத்தால் தண்ணீர்க்குழாய் வெடிக்கும். உள்ளே கிடந்த ரப்பர் விரிப்பைத் தூக்கினால் கார்த்தரையும் துருவோடு துருவாகக் கூடவே வந்தது, கீழே சிமெண்ட் தெரிந்தது. ஒவ்வொரு தடவையும் மெக்கானிக் தம்பி வந்து பார்த்துவிட்டு, "இது மட்டும் முடிஞ்சாப் போதும் அண்ணே" என்பார். இவர் உள்ளே வந்து, "இது மட்டும்தான் பாக்கி" என்பார். அந்த 'இது மட்டும்' காதில் விழுந்தாலே கைச்செலவுப் பணத்தை எடுத்து எண்ணிப் பார்ப்பேன். யானையைக் கட்டித் தீனி போடுகிறவர்களுக்காவது அது ஒரு தடவை தும்பிக்கையைத் தூக்கும்.

ஆனாலும் ஒன்று சொல்லவேண்டும். மகள் போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டது அந்தக் காரால்தான். சாயங்காலம் டீயை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போவேன். "இன்னைக்கு என்ன பிரிச்சிருக்கீங்க?" என்று கேட்பேன். எங்கள் இரண்டு பேர் வேலைக்கும் அது பொதுவான சொல். நான் தையலைப் பிரிப்பேன், அவர் இன்ஜினைப் பிரிப்பார். "பிரிக்கிறது பெருசில்ல, திரும்பச் சேக்கிறதுதான் வேலை" என்று நான் சொன்னால் சிரிப்பார். கார்புரேட்டர் எது, டிஸ்ட்ரிபியூட்டர் எது என்று எனக்கும் அத்துப்படி ஆகிவிட்டது. மகள் போனில் "அப்பா எங்கம்மா?" என்றால், "ஷெட்ல, வேற எங்க" என்பேன். அலுத்துக்கொள்வதுபோல் சொன்னாலும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

சீட்டுக்கு உறை தைத்துக் கொடுத்ததும் நான்தான். கெட்டித் துணி, இரட்டைத் தையல், ஓரம் முழுக்க மெரூன் நிறத்தில் பைப்பிங். விரலில் ஊசி ஏறியதுகூட அந்த உறையில்தான். மாட்டிப் பார்த்துவிட்டு, "ஓடினா முதல்ல உன்னைத்தான் உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போவேன்" என்றார்.

"எங்க?"

"எங்கயாவது. பெட்ரோல் தீர்ற வரைக்கும்."

இந்த வயதில் இந்தப் பேச்சுக்கெல்லாம் வெட்கம் வருமா என்றால், வந்தது.

போன மாதம் மகளுக்கு உடம்பு முடியவில்லை என்று போய்க் கொஞ்ச நாள் கூட இருந்துவிட்டு வந்தேன். கிளம்பும்போது இன்ஜின் முழுசாக மாட்டியிருந்தது, ஒயர் இணைப்பு மட்டும்தான் பாக்கி என்றார். திரும்பி வந்து பார்த்தால் பழைய போர்வை ஒன்றை விரித்து அதன் மேல் இன்ஜினைப் பரப்பியிருந்தார். "கேஸ்கெட் போயிடுச்சு. மறுபடி பிரிக்கவேண்டியதாப் போச்சு" என்றார். கேஸ்கெட் என்றால் இன்ஜின் மூடிக்கு அடியில் போடுகிற மெல்லிய தகடு. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்துவிட்டதே என்று அவரைவிட எனக்குத்தான் மனசு ஆறவில்லை. பயணக் களைப்போடு அன்றைக்கு அவருக்குப் பிடித்ததாகப் பார்த்துச் சமைத்தேன்.

டெய்லர் அக்கா சொன்ன அன்றே அவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"நல்லதுதானே. எடுத்துக்கோ" என்றார்.

"ஷெட்டு வேணுமே."

"மாசக் கடைசிக்குள்ள வண்டி ஓடிடும். கேஸ்கெட் மட்டும்தான்."

புது கேஸ்கெட் வந்தது. அதை மாட்டுவார் என்று பார்த்தால் வால்வுகளைப் பிரிக்க ஆரம்பித்தார். பிரித்த கையோடு எல்லாவற்றையும் இதோடு பார்த்துவிடலாம் என்றார். அதற்குள் அக்கா ஆள் விட்டுக் கேட்டாள். பின்தெருக்காரி வந்து மெஷினில் உட்கார்ந்து தைத்தே பார்த்துவிட்டுப் போனாளாம். அதைக் கேட்டதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வண்டி ஓடவே வேண்டாம், இடம் மாறினால் போதும் என்று மெக்கானிக் தம்பியின் பட்டறைக்கே போய்விட்டேன்.

ஒரு வேனுக்கு அடியிலிருந்து அவருடைய கால் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. காலிடம்தான் பேசினேன்.

"தம்பி, எங்க வண்டியக் கொஞ்ச நாளைக்கு இங்க இழுத்துட்டு வந்து நிறுத்திக்கிறீங்களா?"

சறுக்கிக்கொண்டு வெளியே வந்தார். "எதுக்கு அண்ணி இழுக்கணும்? அண்ணனை ஓட்டிட்டு வரச் சொல்லுங்க."

"எதை ஓட்டுறது? இன்ஜினைத்தான் பிரிச்சுப் போட்டிருக்காரே."

"மறுபடியுமா?" கையைத் துணியில் துடைத்தார். "நல்லாத்தானே ஓடிச்சு. நீங்க ஊர்ல இல்லாதப்ப நானும் அண்ணனும் பைபாஸ் வரைக்கும் போயிட்டு வந்தோமே. ஒரு சத்தம் இல்ல. அண்ணிகிட்ட நானே சொல்லிக்கிறேன், நீ சொல்லாதன்னார். சரி, உங்களக் கூட்டிட்டுப் போய் அசத்தப் போறார்னு நெனச்சேன்."

"கேஸ்கெட் போயிடுச்சுன்னார்."

அவருக்குப் புருஷன் பெண்டாட்டி நடுவில் காலை விட்டுவிட்டோம் என்று புரிந்துவிட்டது. "போயிருக்கும் அண்ணி. பழைய வண்டிதானே" என்று சொல்லிவிட்டு மறுபடி வேனுக்கு அடியில் போய்விட்டார்.

திரும்பி வருகிற வழியெல்லாம் ஒரே நினைப்பு. நான் தைத்த சீட்டில் மெக்கானிக் உட்கார்ந்து போயிருக்கிறார். எவ்வளவு பெரிய பொய் அது, அதை விட்டுவிட்டு இந்தச் சின்ன விஷயம்தான் முள்ளாக உறுத்தியது.

வீட்டுக்கு வந்ததும் ஷட்டரைத் தூக்கிவிட்டுப் போர்வைக்கு முன்னால் உட்கார்ந்தேன். இத்தனை நாளும் அதை ரிப்பேர் என்று பார்த்திருந்தேன். அன்றைக்குத்தான் தையல்காரியாகப் பார்த்தேன். கிழிந்த தையலில் நூல் பிசிறும், துணி இழுபட்டிருக்கும். பிரித்த தையலில் ஊசி போன துளைகள் மட்டும் வரிசையாக நிற்கும். இங்கே எதுவும் இழுபட்டிருக்கவில்லை. போல்ட்டுகள் துடைத்து, அளவுவாரியாக, ஒன்றோடொன்று இடிக்காமல் அடுக்கப்பட்டிருந்தன. கழற்றிய கேஸ்கெட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். போன கேஸ்கெட் எப்படி இருக்கும் என்று முன்னால் ஒரு தடவை அவரே காட்டியிருக்கிறார். அது கருகி, ஓரத்தில் ஓட்டை விழுந்திருந்தது. இதில் ஒரு கீறல்கூட இல்லை.

வேலை விட்டு வந்தவர் வழக்கம்போல வீட்டுக்குள் வராமல் நேரே ஷெட்டுக்கு வந்தார். அவருடைய ஸ்டூலில் நான் உட்கார்ந்திருந்தேன்.

"பைபாஸ் வரைக்கும் போனீங்களாமே."

சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே நின்றார்.

"சத்தமே இல்லாம ஓடிச்சாமே."

"ம்."

"அப்புறம் எதுக்குப் பிரிச்சீங்க?"

ஒரு ஸ்பேனரை எடுத்தார், பார்த்தார், இருந்த இடத்திலேயே வைத்தார். பொய் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். சொல்லியிருக்கலாம், நான் நம்பியும் இருப்பேன்.

"போயிட்டு வந்து நிறுத்தினேன். ஷட்டரை இறக்கினேன். அதுக்கப்புறம் செய்ய ஒண்ணும் இல்ல" என்றார். "ரெண்டு நாள் சும்மா இருந்தேன். நீ வர்றேன்னு போன் பண்ணின அன்னைக்குப் பிரிச்சேன். வேலை முடிஞ்சுடுச்சுன்னா சாயங்காலம் உள்ள வரணும். உள்ள வந்து என்ன பண்றதுன்னு தெரியல."

"உள்ளதான் நான் இருக்கேன்."

"அதான்" என்றார்.

கோபத்தில் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். மணி கேட்டவருக்கு மணி சொல்வதுபோல் சொன்னார். சொன்ன பிறகு அவர் காதிலேயே அது விழுந்திருக்கவேண்டும். "அப்படி இல்ல..." என்று ஆரம்பித்தார். மறுபடியும் அந்த ஸ்பேனரை எடுத்துக்கொண்டார். நான் டீ கொண்டுபோன சாயங்காலங்களை எல்லாம் நாங்கள் பேசிக்கொண்ட நேரம் என்று நான் சேர்த்து வைத்திருந்தேன். அவருக்கு அது டீ வந்த நேரம். நான் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார், அவ்வளவுதான். கேட்காமல் அவராக எதையாவது சொன்னாரா என்று யோசித்துப் பார்த்தேன். அந்தப் பெட்ரோல் தீர்கிற பேச்சு ஒன்றுதான் தேறியது, அதையும் மெக்கானிக்கை வைத்துத் தீர்த்துவிட்டார்.

எனக்கு வலித்தது. அழவில்லை. அழுதால் சமாதானம் சொல்கிற வேலை அவர் தலையில் விழும், அதற்கும் எங்கேயாவது ஓடி ஒளிவார்.

"ஞாயித்துக்கிழமை மெஷின் வருது. வண்டிய வெளிய எடுத்துடுங்க."

"மாட்டிடறேன். மாட்டிட்டு ஓட்டியே வெளிய..."

"மாட்ட வேணாம். தள்ளிக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை அக்காவின் சாமான்கள் வந்து இறங்கின. அதற்கு முன்னால், அவர் போர்வையை நாலு முனையும் சேர்த்து முடிந்து, யாரையும் தொடவிடாமல், பின்சீட்டில் கொண்டுபோய் வைத்தார். ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். சாமான் இறக்க வந்த ஆட்களோடு சேர்ந்து நானும் பின்னால் நின்று தள்ளினேன். முதலில் அசையவில்லை, அப்புறம் இளகி, மூக்கை நீட்டிக்கொண்டு ரோட்டுக்கு வந்து ஓரமாக நின்றது. ஆட்கள் சிரித்தார்கள். ஒருவன், "இன்ஜினில்லாத வண்டிக்கு டிரைவர் எதுக்குண்ணே" என்றான். அவரும் சிரித்தார். ஆனால் இறங்கவில்லை.

மெஷின்களை இடம் பார்த்துப் போட்டு, மேஜையைச் சுவரோடு ஒட்டி, ஒயரை இழுத்து, துடைத்து முடிக்கிறவரைக்கும் அவர் அங்கேயேதான் இருந்தார். வாசலில் நின்று, "சாப்பிட வாங்க" என்றேன். "வரேன், நீ சாப்பிடு" என்றார். நான் சாப்பிட்டேன். பசித்தது, ருசித்தும் சாப்பிட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அவருடைய தட்டு மூடியபடி இருந்தது.

வெயில் தாழ்ந்ததும் ஒரு அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். டெய்லர் அக்கா அனுப்பினாளாம், சீருடைக்கு அளவு கொடுக்க வேண்டுமாம். கடை நல்லா இருக்கு, காத்தோட்டமா இருக்கு என்றாள். நான் நாடாவை எடுத்துச் சிறுமியின் தோளில் வைத்தேன். அந்த அம்மா ரோட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

"வண்டியில உங்க வீட்டுக்காரரா? வெளிய கிளம்பிட்டாரா?"

"ஆமா" என்றேன். "கிளம்பிட்டார்."

காரின் பின்கண்ணாடி வழியாக அவருடைய கழுத்தும் காலரும் தெரிந்தன. ஒரு கை மேலே போய், உள்ளே தொங்கிய சின்னக் கண்ணாடியைப் பிடித்துத் திருப்பியது. அதில் ஒரு கணம் அவருடைய கண் தெரிந்தது. என்னைப் பார்க்கத்தான் திருப்பினாரோ என்று நாடாவைப் பிடித்தபடியே நின்றேன். கை இன்னும் கொஞ்சம் திருப்பியது. அப்புறம் அந்தக் கண்ணாடியில் வானமோ எதிர்வீட்டுச் சுவரோ, வெள்ளையாக ஏதோ ஒன்றுதான் இருந்தது.