ஓராண்டு போதும்

தெற்கே தொப்பூர் மலையின் முகடுகள் நீலம் பூத்து நிற்க, அவற்றின் அடிநின்று வடக்கே நல்லம்பள்ளி வரையில் விரிந்து கிடந்த செம்மண் புலங்களில் கேழ்வரகுக் கதிர்கள் முதிர்ந்து தலைசாய, இடையிடையே சாமந்திப் பாத்திகள் பொன்னை உருக்கி வார்த்தாற்போல் ஒளிவீச, அப்பசுமையையும் பொன்மையையும் இரு கூறாய்ப் பிளந்தோடும் நெடுஞ்சாலையிலே சுமையூர்திகள் ஓயாது இரைந்து செல்ல, மேலைவானில் இறங்கிய கதிரவன் பழைய தகடூர் நாட்டின் மேல் தன் செவ்வொளியை வாரி இறைத்துக்கொண்டிருந்தான். அவ்வேளையில் அதியமான்கோட்டையில் உள்ள தன் இல்லத்து முன்கூடத்தில், கட்சித் தலைவர் மாதவராசின் எதிரே, நாடாளுமன்ற மேலவை உறுப்பினர் ஆக்சிலியா அமர்ந்திருந்தாள்.

கற்றோரே, இவள் யாரெனின், கம்பைநல்லூர்ப் பக்கத்தில் பிறர் நிலத்தில் உழைத்துப் பிறர் நிலத்திலேயே குடிசை கட்டி வாழ்ந்த கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, சட்டம் பயின்று, தருமபுரி நீதிமன்றத்தில் ஏழைகளின் வழக்குகளை ஏற்று நடத்திப் பெயர் பெற்றவள். ஆளுங்கூட்டணியில் இருந்த சிறு கட்சியொன்று அந்நற்பெயரைத் தனக்கும் அணியாக்கிக்கொள்ள விரும்பி, அவளை மேலவைக்கு அனுப்பியிருந்தது. அக்கட்சியின் தலைவரான மாதவராசும் அவ்வவையில் உறுப்பினர்.

அந்நாளில் நாடு முழுதும் பேசப்பட்ட பொருள் ஒன்றிருந்தது. பிறர் நிலத்தில் நெடுங்காலம் குடியிருக்கும் நிலமற்றோர்க்கு அக்குடியிருப்பு மனையையே உரிமையாக்கும் சட்டம் ஒன்றை ஐந்தாண்டுக்குள் இயற்றுக என்றும், அதுவரை அவர்களை எவரும் வெளியேற்றலாகாது என்றும் அரசமைப்பிலேயே எழுதப்பட்டிருந்தது. காலவரம்புக்குள் சட்டம் வாராவிடில் அவ்வுறுதி தானே அற்றுப்போகும். ஐந்தாண்டும் ஓடி முடியுந் தறுவாயில் அரசு கொணர்ந்தது அச்சட்டமன்று. மேலும் ஐந்தாண்டு காலநீட்டிப்புக் கேட்கும் திருத்த முன்வரைவே.

“நீங்கதான் ஆதரிச்சுப் பேசணும்மா. நீங்களே அந்த மாதிரி குடும்பத்துல இருந்து வந்தவங்க. நீங்க சொன்னா சபையில எடுபடும்” என்றார் மாதவராசு.

“அஞ்சு வருசமா ஒண்ணும் செய்யலையே தலைவரே. இன்னும் அஞ்சு வருசம் எதுக்குன்னு கேட்டா நான் என்ன சொல்றதுங்க?”

“அதெல்லாம் மேல பேசி முடிச்சாச்சு. கட்சி கட்டளை போட்டிருக்கு. மாத்தி ஓட்டுப் போட்டா பதவி போயிடும், உங்களுக்குத் தெரியாததா?” என்று கூறி எழுந்த தலைவர், வாயிலில் நின்று, “அடுத்த முறையும் உங்களைத்தான் அனுப்பறதா இருக்கோம்” என்று கனிவாகவே சொல்லிச் சென்றார்.

மறுநாட்காலை ஆக்சிலியா நல்லம்பள்ளியை அடுத்த ஒரு குடியிருப்புக்குச் சென்றாள். நெடுஞ்சாலைக்கு அணித்தான நிலமாதலின் அதன் விலை ஏறிக்கொண்டே போக, நிலவுடைமையாளரும் காலவரம்பு முடியும் நாளை எதிர்நோக்கியிருந்தார். அங்கே வாழ்ந்தோருள் தீர்த்தம்மாள் என்பவள், களத்துமேட்டில் கேழ்வரகு தூற்றிக்கொண்டிருந்தவள், முறத்தைக் கீழே வைத்துவிட்டு வந்தாள்.

“நீட்டிப்பு வேணாம்னு ஓட்டுப் போட்டா என்ன ஆகும், வக்கீலம்மா?”

“உறுதி போயிடும். நிலத்துக்காரர் காலி பண்ணச் சொல்லலாம்.”

“அய்யோ, அப்ப நீட்டிச்சிடுங்க.” அவள் சற்றே நின்று, கூரைக்குள் திரும்பிப் பார்த்தாள். “ஆனா அஞ்சு வருசமாங்க? பட்டா இல்லைன்னு கரண்டு குடுக்க மாட்டேங்கறாங்க. செவுரு எடுத்தா நிலத்துக்காரரு வந்து நிறுத்தறாரு. எம் மருமவ ரெண்டு புள்ளைங்கள இந்த ஓலைக்குள்ளயே வளத்துட்டா. தொரத்தவும் இல்ல, வூடு கட்டவும் வுடல. இது இருக்கறதா, போறதா, ஒண்ணும் புரியலைங்க.”

ஆக்சிலியா அக்கூரையை நோக்கினாள். எதிர்த்தால் இவர்கள் தெருவில் நிற்பர். ஆதரித்தால் இவ்வோலைக் கூரையின் கீழேயே இன்னும் ஐந்தாண்டு கிடப்பர். இருபுறமும் நெருப்பு எரியும் ஒற்றையடிப் பாதையில் நிற்பவள் போல் அவள் உள்ளம் வெதும்பிற்று. வீடு திரும்பும் வழியிலேதான் அவ்வெண்ணம் அவளுக்குத் தோன்றியது. நீட்டிப்பை மறுப்பானேன்? குறைக்கலாகாதா?

பள்ளி ஆசிரியனான கணவன் அருள்பிரகாசிடம் அதனைக் கூறியபோது அவன் தான் திருத்திக்கொண்டிருந்த விடைத்தாள்களை ஒதுக்கி வைத்தான். பின்னர், “பதவி போனா கோர்ட்டு இருக்கு. இதைப் பேசாம வந்தா நீ தூங்க மாட்ட. எனக்குத் தெரியும்” என்றான்.

தில்லியில் மேலவை கூடிற்று. அரசமைப்புத் திருத்தமாதலின் வாக்களிப்போருள் மூன்றில் இரு பங்கினர் இசைவு வேண்டும். எதிரணியின் துணையின்றி அது கைகூடாது. எதிரணியோ நீட்டிப்பை இகழ்ந்து பேசிற்று. ஆயினும் தோற்கடித்தால் ஏழையரை வெளியேற்றிய பழி தன்மேல் விழுமே என அஞ்சிற்று. ஒருவரை ஒருவர் குறைகூறும் குரல்கள் கடலலை போல் எழுந்து மோதிக்கொண்டிருந்த அப்பொழுதில், ஆளுங்கூட்டணியின் வரிசையினின்று ஆக்சிலியா எழுந்தாள். தமிழிற் பேச முன்னரே இசைவு பெற்றிருந்தாள். தன் பெயரில் ஒரு திருத்தமும் கொடுத்திருந்தாள். அதனை அப்போதுதான் அறிந்த மாதவராசின் முகம் கறுத்தது.

“அவைத் தலைவர் அவர்களே, நீட்டிப்பை நான் எதிர்க்கவில்லை. காலம் தவறியது நம் தவறு. அதற்காகக் குடிசையில் இருப்பவரைத் தெருவில் நிறுத்த நமக்கு உரிமையில்லை. ஆனால் ஐந்தாண்டு எதற்கு என்று கேட்கிறேன். மனையுரிமைச் சட்ட முன்வரைவு ஆயத்தமாக இருக்கிறது என்று அமைச்சரே இங்கே கூறினார். ஆயத்தமானதை இயற்ற ஐந்தாண்டு வேண்டுமா? நீதிமன்றத்தில் நான் தவணை கேட்டால், எதற்கு, எத்தனை நாள், அதற்குள் என்ன செய்வீர் என்று நீதிபதி கேட்பார். காரணம் சொல்லாமல் ஒரு நாள்கூடப் பெற்றதில்லை. இந்த அவை மட்டும் தனக்குத்தானே தவணை கொடுத்துக்கொள்ளலாமா? ஐந்து என்னும் சொல்லை நீக்கி ஒன்று என எழுதுங்கள். ஓராண்டு போதும்.”

முதலில் எதிரணியின் பின்வரிசையில் ஒரு பெண் உறுப்பினர் மேசையைத் தட்டினார். அடுத்து அவர் பக்கத்திலிருந்தோர் தட்டினர். வியத்தகு வகையில் ஆளுங்கட்சி வரிசையிலும் சில கைகள் எழுந்தன. ஓராண்டெனில் தாங்களும் வாக்களிப்பதாக எதிரணித் தலைவர் எழுந்து கூறினார். அமைச்சர் தம் அருகிலிருந்தோருடன் கலந்து பேசினார். ஆக்சிலியா அவர்களையே நோக்கி நின்றாள். அரசு மறுத்துவிட்டால், கட்டளையை மீறித் தன் திருத்தத்துக்கே வாக்களித்துப் பதவியிழப்பதைத் தவிர வேறு வழியில்லை என அவள் அறிவாள். அமைச்சர் எழுந்தார். உறுப்பினரின் திருத்தத்தை அரசு ஏற்கிறது என்றார். வாக்கெடுப்பில் அது நிறைவேறிற்று.

வெளிக்கூடத்தில் மாதவராசு அவளை வழிமறித்தார். “ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா.”

“சொல்லியிருந்தா வேணாம்னிருப்பீங்க, தலைவரே.”

அவர் சினந்து அகன்றார்.

காலவரம்பு மிக அண்மையில் நின்று துரத்தியமையால் துறைகள் துயில் நீங்கின, குழுக்கள் கூடின, ஓராண்டு நிறைவதற்குள் சட்டம் இயற்றப்பெற்றது. நல்லம்பள்ளிக் குடியிருப்பில் தீர்த்தம்மாள் தன் பெயரில் பட்டா வாங்கினாள். அவள் மருமகள் அடித்தளம் தோண்ட ஆள் அழைத்தாள். பட்டா வழங்கிய விழா மேடையில் பலர் அமர்ந்திருந்தனர். ஆக்சிலியாவுக்கு அழைப்பில்லை.

அவளுடைய பதவிக்காலம் முடிந்தபோது கட்சி வேறொருவரை அனுப்பிற்று. அவள் முறையிடவில்லை; வருந்தவில்லை என்று சொல்வது பொய்யாகும். தில்லியினின்று திரும்பிய சின்னாட்களில், அவை கூடும் வேளையானதும் அவள் செவி தானே கூர்ந்தது. பேசவேண்டிய சொற்கள் நாவில் வந்து நின்று, பேச இடமின்றி அடங்கின. பிறகு ஒரு திங்கட்கிழமை கறுப்பு மேலங்கி அணிந்து தருமபுரி நீதிமன்றப் படிகளில் ஏறினாள். எதிர்வழக்கறிஞர் தவணை கேட்டபோது நீதிபதி அவளை நோக்கி, “உங்களுக்கு மறுப்பு உண்டா?” என்று வினவ, “எதற்கென்று சொன்னால் மறுப்பில்லை, ஐயா” என்றாள்.

ஆள்வோர்க்குக் காலம் தம் கைப்பொருள் போல் தோன்றும். ஆளப்படுவோர்க்கோ அது தம் வாழ்நாளே. இவ்வேறுபாட்டை அறிந்தோர் பலர். அறிந்ததனை, கேட்க விரும்பாத அவை நடுவே எழுந்து நின்று, விளைவு இன்னதென உணர்ந்தும், தாழாத குரலில் மொழிந்தோர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருத்தி இந்நாட்டிலே வாழ்ந்துவருகிறாள். வழக்கு முடிந்த மாலைகளில் பேருந்துக்கு நிற்கும் கூட்டத்தில் அவளும் ஒருத்தியாய் நின்று, தன் ஊர் செல்லும் வண்டி வந்ததும் ஏறிப்போகிறாள்.