ஆளுக்குப் பாதி

மேனேஜரின் முன்னங்கால்களை அவள் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தாள். முடி மழித்த இடங்களில் ஒயர்களை மாட்டிவிட்டு, டாக்டரம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோடு ஒரு மேடு ஏறும். பிறகு வேலைக்குப் போக மனமில்லாத ஆள் மாதிரி நெடுநேரம் படுத்துக் கிடக்கும். திடீரென்று இரண்டு மேடு சேர்ந்து வரும்.

மேனேஜர் என்பது நாயின் பெயர். முப்பது வருஷம் லிஃப்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மேனேஜர்களை மேலேயும் கீழேயும் கொண்டுபோன அப்பா, ஓய்வு பெற்ற மறுவாரமே தெருவில் கிடந்த குட்டியைத் தூக்கிவந்து அந்தப் பெயரை வைத்தார். "மேனேஜர், உக்காரு" என்று அவர் சொல்லி அது உட்காரும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். இப்போது வெளியே பெஞ்சில் இருக்கிறார். ஊசியைப் பார்க்கும் தைரியம் அவருக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

ரத்தப் பரிசோதனைத் தாள் வந்தது. பொட்டாசியம் எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறது, இதயத்தைத் தடுமாற வைப்பது அதுதான், சிறுநீரகமும் ஏற்கெனவே பாதி போயிருக்கிறது என்றாள் டாக்டரம்மா. அப்புறம் கேட்டாள்.

"வீட்ல யாராவது ஹார்ட் மாத்திரை சாப்பிடறாங்களா? சில மாத்திரைய நாய் தின்னா இப்படித்தான் காட்டும்."

"அப்பா சாப்பிடறாரு. ஆனா ஒண்ணு கூட கீழ விழாது. ரெண்டு வேளையும் நானே எடுத்துக் குடுக்கறேன்."

அதைச் சொல்லும்போது அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. சட்டைத் தொழிற்சாலையில் அவள் வேலையே பிசகு கண்டுபிடிப்பதுதான். காலரில் ஒரு தையல் தவறியிருந்தாலும் அவள் மேஜையைத் தாண்டாது. அவள் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது என்று கூட வேலை செய்கிறவர்கள் சொல்வார்கள்.

மருந்து ஏற்றிப் பார்த்தார்கள். பதினொன்றரை மணிக்குப் படுத்த கோடு அதற்கப்புறம் எழுந்திருக்கவில்லை.

வெளியே போய்ச் சொன்னாள். அப்பா அழவில்லை. செருப்பைக் கழற்றி, எதற்கென்று தெரியாமல் மறுபடி மாட்டிக்கொண்டார்.

"முழுசா குடுத்திருக்கணும்மா," என்றார்.

"எதை?"

"என் மாத்திரையத்தான். அதுக்கும் என்னை மாதிரியே மூச்சு வாங்குச்சு. நீ டாக்டர்கிட்ட வேணாம்னுட்ட. சரின்னு மூணு வாரமா ஆளுக்குப் பாதி. எனக்கு உயிர் மேல ஆசை, பாதிய நானே முழுங்கிட்டேன். முழுசா குடுத்திருந்தா பொழச்சிருக்கும்."

வேண்டாம் என்று அவள் சொன்னது நிஜம். உங்களைக் கூட்டிக்கொண்டு அலைவதே போதாதா, நாய்க்கு வேறயா என்று கேட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள். இப்போது தாள் அவள் கையில் இருந்தது. அதைக் காட்டி ஒரே வார்த்தையில் அவரை நொறுக்கிவிடலாம். வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. கோபம் அவர் மீதா, தன் மீதா என்று அவளுக்குப் பிரிக்கத் தெரியவில்லை. உண்மையில் நடந்தது என்னவென்று தெரிந்தால் மனுஷன் தாங்கமாட்டார் என்பது மட்டும் தெரிந்தது.

"ரத்தத்துல என்னம்மா வந்துச்சு?"

"வயசாயிடுச்சாம்ப்பா." தாளை நாலாக மடித்துப் பைக்குள் திணித்தாள்.

பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன் கொல்லைப்புறத்தில் குழி வெட்டிக் கொடுத்தார். அதற்குள் சூப்பர்வைசர் இரண்டு தடவை போன் செய்து, நாய்க்கெல்லாமா லீவு என்று கேட்டுவிட்டார். ஆமாம் என்று சொல்லி போனை வைத்தாள். அப்பா மண்ணைக் கையாலேயே தள்ளினார். மூச்சு வாங்கியது. நிறுத்தவில்லை.

சாயங்காலம் ஆறு மணிக்கு மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தாள். மற்ற நாட்களில் வைத்த கையோடு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். இன்று எதிரே உட்கார்ந்தாள்.

அப்பா கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்தினார். மாத்திரை சுத்தமாக இரண்டானது. ஒரு பாதியை வாயில் போட்டுக்கொண்டார். மறுபாதியோடு வலது கை, வழக்கம்போல, நாற்காலிக்குக் கீழே இறங்கியது.

அங்கேயே இருந்தது.

"அதையும் நீங்களே போட்டுக்குங்கப்பா," என்றாள்.

கை மேலே வர வெகுநேரம் பிடித்தது. அவர் அந்தப் பாதியை வாயில் போட்டு, விழுங்காமல், மெதுவாகக் கடித்து மென்றார். டம்ளரில் தண்ணீர் அப்படியே இருந்தது.