ஆகட்டுங்க

ஏற்காட்டு மலையில், செம்மநத்தத்தில் எங்கள் காப்பித் தோட்டத்துக்கு மேலே சிவக்குமாருடைய நிலம். காட்டேஜ் கட்டுவதற்காகப் பொக்லைன் வைத்துச் சரிவை வெட்டினான். அடுத்து வந்த புயல் மழையில் அந்தச் சரிவு அப்படியே இறங்கி எங்கள் சமையலறையை மூடியது. உள்ளே என் மனைவி கலா இருந்தாள். மண்ணைத் தோண்டி அவளை எடுக்க ஒன்றரை நாள் ஆயிற்று.

மழை கொன்றது, சாமி குத்தம் என்று ஊர் வாய்க்கு வந்ததைப் பேசியது. சிவக்குமார்தான் காரணம் என்று ஒரு நீதிபதி எழுதித் தர வேண்டும். அதற்காகத்தான் வழக்குப் போட்டேன். வேறெதுவும் எனக்கு வேண்டியதில்லை.

மூன்றாவது வருஷம் சேலம் கோர்ட்டில் என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். சிவக்குமாரின் வக்கீல் சென்னைக்காரர். தேனொழுகப் பேசினார்.

"தனபால், சரிவை வெட்டறதுக்கு முன்னாடி சிவக்குமார் உங்க வீட்டுக்கு வந்து சொன்னாரா?"

"வந்தாருங்க. சொன்னாருங்க."

கொன்றவனுக்கும் மரியாதை. வாய்ப் பழக்கம் போகுமா?

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆகட்டுங்கன்னு சொன்னேனுங்க."

"அதாவது, வெட்டட்டும்னு சொன்னீங்க."

"இல்லீங்க. ஆகட்டுங்கன்னேன்."

கோர்ட்டில் சிரித்தார்கள். எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. போகப்போவதில்லை என்று முடிவு செய்த கல்யாணத்துக்கு அழைத்தாலும் நாங்கள் ஆகட்டுங்க என்போம். நாளைக்குக் கரண்ட் இருக்காது என்று லைன்மேன் சொன்னாலும் ஆகட்டுங்கதான். நீ சொன்னது காதில் விழுந்தது, கிளம்பு என்பதற்கு மேல் அதில் ஒரு மண்ணும் கிடையாது. இதை எப்படி விளக்குவது? திக்கினேன், திணறினேன். நீதிபதி தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். "ஆகட்டும்னா சம்மதம்தானே?" என்றார், கோபமில்லாமல்தான். டைப் அடித்த பெண் 'சம்மதம் தெரிவித்தேன்' என்று அடித்தாள்.

எதிரே சிவக்குமார் உட்கார்ந்திருந்தான். எங்கள் மலையிலேயே, கிளியூரில் பிறந்தவன். அந்த வார்த்தை அவனுக்குத் தெரியாதா? வாயைத் திறக்கவில்லை. நாசமாய்ப் போக.

வழக்குத் தள்ளுபடியானது. தீர்ப்பன்று பஸ் ஸ்டாண்டில் என் மகள் நந்தினி தேம்பித் தேம்பி அழுதாள்.

"ஏனுங்கப்பா, வேண்டாம்னு சொன்னேன்னு ஒரு பொய் சொல்லியிருக்கக் கூடாதுங்களா? அம்மாவுக்காக?"

"அது மட்டும் என்னால ஆகாது கண்ணு."

ஏன் என்று அவள் கேட்கவில்லை. என்னை யோக்கியன் என்று நினைத்திருப்பாள். ஏற்காடு பஸ் வந்தது, ஏறி உட்கார்ந்தோம்.

வெட்டப் போவதைச் சொல்லிவிட்டு அன்றைக்குச் சிவக்குமார் எங்கள் படி இறங்கியதும் கலா ஈரக் கையோடு வெளியே வந்தாள். "எனக்கு நொம்பப் பயமா இருக்குதுங்க. வேண்டாம்னு சொல்லீட்டு வாங்க" என்றாள். அவன் எங்கள் வேலியைக்கூடத் தாண்டவில்லை, கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பான்.

"ஊடு தேடி வந்தவருகிட்ட எப்படிப் புள்ள வேண்டாம்ங்கறது?" என்று அவளைத்தான் அதட்டினேன்.