யாரென்று சொல்லுங்கள்

"நாளைக்குக் காலையில அவளை வண்டி ஏத்தி விட்டுடறேன். நீ கவலைப்படாதே" என்று மருந்துக்கடைக்காரர் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். மறுமுனையில் அவருடைய தம்பி. தம்பியின் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டிருந்தாள். வண்டி ஏற வேண்டியவள், அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவில் பிறந்தவள், மூன்றடி தள்ளிக் கரண்டியும் கையுமாக நின்றாள். அவளை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. நாற்காலியை இடம் மாற்றும்போது நாற்காலியிடமா கேட்கிறோம்?

அந்த வீட்டில் அவளுக்கு அத்தை என்று பெயர். புருஷன் விட்டுவிட்டுப் போய்ப் பதினாறு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து எந்த வீட்டில் பிரசவமோ, எங்கே யார் படுத்த படுக்கையோ, அங்கே அவளுடைய இரண்டு பைகளும் போய் இறங்கும். "நம்ம வீட்டுப் பொண்ணை நாம கைவிட்டுடுவோமா?" என்று சொந்தக்காரர்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வார்கள். கைவிடவில்லைதான், ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டே இருந்தார்கள்.

"அண்ணே, திங்கட்கிழமை தையல்கடைக்கு வர்றேன்னு சொல்லியிருக்கேன்."

"அதுக்குத்தான் அன்னிக்கே பதில் சொல்லிட்டேனே. என் தங்கச்சி கடையில உக்காந்து சட்டை தைச்சா நாலு பேர் என்னைப் பத்தி என்ன பேசுவாங்க?"

அண்ணன் மகளின் பள்ளி நாடகத்துக்கு அவள் தைத்துக் கொடுத்த உடைகளைப் பார்த்துவிட்டுத்தான் தையல்கடைக்காரி தேடி வந்தாள். "திங்கட்கிழமையிலேர்ந்து வந்து உக்காருங்க. கடைக்குப் பின்னாடி ஒரு ரூம்கூட சும்மாத்தான் கிடக்கு" என்றாள். திங்கட்கிழமை போகாவிட்டால் அந்த இடத்தில் வேறு ஆள். வந்து உட்காருங்கள் என்று ஒருத்தர் அவளிடம் சொல்லி எத்தனை காலம் ஆயிற்று!

மகளைப் பள்ளி நாடக வகுப்பில் சேர்க்க அண்ணன்தான் கையெழுத்துப் போட்டார். 'பிறர் மனதைப் புரிந்துகொள்ளவும் இரக்கம் கொள்ளவும் பெண்பிள்ளைகளுக்கு நாடகத்தின் வழியே கற்றுத் தருகிறோம்' என்று பள்ளியிலிருந்து கடிதம் வந்திருந்தது. "நல்லதுதானே? பொறுமை வரும். போற இடத்துல நல்ல பேர் எடுப்பா" என்று அவர் பூரித்துப் போனார். பக்கத்திலேயே இருந்த ஆண்கள் பள்ளியில் அந்த வகுப்பு இல்லை. அங்கே கராத்தே.

தம்பியோடு போனில் பேசிய அன்று மதியம் அண்ணனும் அண்ணியும் மேசையில் உட்கார்ந்தார்கள். அவர்களுடைய பதிமூன்று வயது மகள் உட்காரவில்லை. வாலு என்றுதான் வீட்டில் அவளைக் கூப்பிடுவார்கள். அந்தப் பெயருக்குக் குறை வைக்காதவள்.

"டீச்சர் வீட்டுப்பாடம் குடுத்திருக்காங்க. நீங்க தினமும் பாக்கற ஒருத்தர நான் நடிக்கணும். யாருன்னு நீங்க சொல்ற வரைக்கும் நான் நடிப்புலேர்ந்து வெளிய வரக் கூடாது" என்றாள்.

"ஆரம்பி பாக்கலாம்!" என்றார் அப்பா குஷியாக.

வாலு சமையலறைக் கைத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டாள். பரிமாறினாள். துடைத்த மேசையையே மறுபடி துடைத்தாள். அப்பா சிரித்தபோது, தானும் சிரிக்கலாமா என்று கேட்பதுபோல் எல்லார் முகத்தையும் பார்த்துவிட்டு, அரைச் சிரிப்பு சிரித்தாள். கதவோரம் போய், சுவர்ப்பக்கம் திரும்பித் தண்ணீர் குடித்தாள். பிறகு ஒற்றைக்காலில் நின்று, ஒரு பாதத்தால் இன்னொரு குதிகாலைத் தேய்த்துக்கொண்டாள்.

அத்தை குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். அவளுடைய வலது பாதம் இடது குதிகாலின் மேல் இருந்தது. உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. இப்படியா நிற்கிறேன் நான்? இப்படியா சிரிக்கிறேன்?

"ஆஸ்பத்திரி நர்சு!" என்றார் அப்பா.

இல்லை என்று தலையாட்டினாள் வாலு.

"எதிர்வீட்டு வேலைக்காரி" என்றாள் அம்மா. "அவளும் இல்லையா? அப்ப நான்தான். இந்த வீட்டுல ஓடி ஓடித் தேயறது வேற யாரு?"

"நீ இல்லம்மா."

அண்ணன் சொல்லட்டும் என்று அத்தை காத்திருந்தாள். சின்ன வயதில் ஒரே போர்வைக்குள் படுத்துக் கதை பேசிய அண்ணன். அவன் வாயால் ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும், நாளைக்கே வண்டி ஏறிவிடலாம் என்றுகூட அந்தப் பைத்தியக்காரிக்குத் தோன்றியது.

"தோத்துட்டேன், ஒத்துக்கறேன். சாப்பாடு ஆறுது, உக்காரு" என்றார் அண்ணன்.

"முடியாதுப்பா. யாருன்னு சொல்லுங்க." வாலுவின் கண்களில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. "தயவுபண்ணிச் சொல்லுங்கப்பா!"

"என்னைத்தான் நடிக்கிறா" என்றாள் அத்தை.

அண்ணன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. "உன்னையா? உன்கிட்ட நடிக்கறதுக்கு என்ன இருக்கு?"

நாலாவது நாற்காலியில் எப்போதும் மருந்து அட்டைப்பெட்டிகள்தான் உட்கார்ந்திருக்கும். அத்தை அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நாளைக்கு நான் போகல அண்ணே."

"அப்ப அந்தம்மாவை யார் பாத்துக்கறது?"

"தம்பிகிட்ட கேளு. அவங்க அவனுக்குத்தான் மாமியார்."

"வயசுப் பொண்ணுக்குச் சொல்லிக் குடுக்கற லட்சணமா இது?" என்று அண்ணி தட்டைத் தள்ளினாள். வாலுவின் நாடக வகுப்பு அந்த நிமிஷமே முடிந்து போயிற்று. அண்ணன் தம்பியை மறுபடி போனில் கூப்பிட்டு, "அக்காவுக்கு என்னமோ உடம்பு சரியில்ல போலிருக்குடா" என்றார். ஒரு பெண் மாட்டேன் என்று சொன்னால் அவருக்குத் தெரிந்த காரணம் அது ஒன்றுதான். போனை வைத்துவிட்டு, "போகலைன்னா இங்கயும் இடமில்ல" என்றார்.

திங்கட்கிழமை இரண்டு பைகளும் தையல்கடைப் பின்னறைக்குப் போயின. யாரும் அனுப்பாமல் அவை போன முதல் பயணம் அது.

மூன்று வாரம் கழித்து ஒரு மாலையில் வாலு கடை வாசலில் வந்து நின்றாள். கையில் அப்பாவின் சட்டை.

"கை கிழிஞ்சிருக்கு அத்தை. சீக்கிரம் வேணுமாம், அம்மா சொன்னாங்க."

"ஸ்கூல்லேர்ந்து வந்து ஏதாவது சாப்பிட்டியா?"

"இல்ல அத்தை, வேலை இருக்கு. பாத்திரம் கிடக்கு, துணி மடிக்கணும்."

அப்போதுதான் அத்தை அந்தக் கால்களைப் பார்த்தாள். ஒரு பாதம் இன்னொரு குதிகாலை மெல்லத் தேய்த்துக்கொண்டிருந்தது.

"வகுப்புதான் நின்னு போச்சே. இன்னும் என்னை நடிச்சிட்டிருக்கியாடி?" என்றாள் சிரித்தபடி.

"நான் ஒண்ணும் நடிக்கலையே அத்தை" என்றாள் வாலு.

அத்தையின் சிரிப்பு நின்றுவிட்டது. மிஷினை நிறுத்தினாள். பக்கத்து ஸ்டூலில் கிடந்த துணிகளை வாரிக் கீழே போட்டாள்.

"உக்காரு."

"பரவாயில்ல அத்தை, நின்னுக்கறேன். அம்மா தேடுவாங்க."

"தேடட்டும்." எழுந்து வந்து, இரண்டு தோள்களையும் பிடித்து அழுத்தி அவளை உட்கார வைத்தாள். தன் டிபன் பாக்ஸைத் திறந்து மடியில் வைத்தாள். பிறகு அண்ணனின் சட்டையை எடுத்து, தைக்க வேண்டிய துணிக் குவியலில் எல்லாவற்றுக்கும் அடியில் செருகினாள்.