கழுத்து முதலில்

கிரேன் ஓட்டுபவர் ஆஸ்பத்திரிக்கு வந்தது ஒரே ஒரு சர்டிபிகேட்டுக்காகத்தான். இருபத்தாறு வருடம் உச்சிக் கூண்டில் உட்கார்ந்து இரும்பும் சிமெண்டும் தூக்கியவர். ஒரு வருடமாகவே ஏணி ஏறும்போது கெண்டைக்கால் கல்லாக இறுகும். கொஞ்சம் நின்றால் விட்டுவிடும். போன வாரம் நின்றும் விடவில்லை; பாதி ஏணியில் மேலும் போக முடியாமல் கீழும் வர முடியாமல் ஒரு மணி நேரம் மாட்டிக்கொண்டார். கயிறு கட்டி இறக்கினார்கள். "டாக்டர் எழுதிக் கொடுக்காம இனி ஏறக் கூடாது" என்று சொல்லிவிட்டார் மேற்பார்வையாளர்.

டாக்டரம்மா கையிலும் கணுக்காலிலும் பிரஷர் பார்த்தார். கையில் இருந்ததில் பாதிதான் காலில் இருந்தது.

"ரத்தக்குழாய் அடைச்சிருக்கு. கால்ல இருந்தா மத்த இடத்துலயும் இருக்கலாம். எல்லாத்தையும் பார்த்துடுவோம்."

"காலுக்கு வந்தவனைத் தலை வரைக்கும் பார்ப்பீங்களா?" என்று சிரித்தார் இவர். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

படுக்கையில் சேர்த்து எல்லாம் பார்த்ததில், இதயத்தில் மூன்று குழாயும் அடைப்பு. கழுத்தில் இடது பக்கம் நூல் போகும் அளவுக்குத்தான் வழி.

"கண்ணு திடீர்னு இருட்டிட்டு, கொஞ்ச நேரத்துல சரியாச்சா?"

"இல்லைங்க." கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த மனைவி அவர் முகத்தையே பார்த்தாள்.

"சரி. அப்ப நெஞ்சுல ஆபரேஷன் முதல்ல. காலுக்கு அப்புறம்தான்."

மறுநாள் காலை, மனைவி டீ வாங்கப் போன நேரம், அவர் சட்டையை மாட்டிக்கொண்டு நழுவினார். லிப்டுக்கு முன்னால் நர்ஸ் நின்றதால் படிக்கட்டைப் பிடித்தார். இரண்டு மாடிகூட இறங்கவில்லை, கால் பிடித்துக்கொண்டது. ஜன்னல் இல்லாத திருப்பத்தில், கைப்பிடியைப் பற்றியபடி உட்கார்ந்துவிட்டார். பிளாஸ்க்கோடு ஏறி வந்த மனைவி பக்கத்துப் படியில் உட்கார்ந்து டீயை ஊற்றி நீட்டினாள்.

"பொய் சொல்லிட்டேன்" என்றார். "போன மாசம் கூண்டுல இருக்கும்போது இடது கண்ணு இருட்டிடுச்சு. வலது கையும் மரத்துப்போச்சு. கம்பிக்கட்டு அந்தரத்துல தொங்குது."

"கீழ ஆள் இருந்தாங்களா?"

"ஆறு பேரு."

அவள் பிளாஸ்க்கைக் கீழே வைத்தாள். "என்ன பண்ணீங்க?"

"எதையும் தொடாம அஞ்சு நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். ரேடியோல கத்துனாங்க. லைன் சரியில்லைன்னுட்டேன். சொன்னா இறக்கிடுவாங்க. இறங்கி நான் என்ன பண்ணுவேன்?"

அவள் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு எழுந்து, "டாக்டர்கிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?" என்றாள்.

அவரே சொன்னார். கேட்டதும் டாக்டரம்மா வரிசையையே மாற்றினார். அது பக்கவாதத்தின் முன்னறிவிப்பாம். இந்த வாரமே கழுத்து, அப்புறம் நெஞ்சு, கடைசியில் கால்.

கழுத்தை மட்டும் மரக்க வைத்துத்தான் அறுத்தார்கள், நினைவு இருந்தது. முகத்தின் மேல் துணி. தலையை அசைக்கக் கூடாது. வலது கையில் ரப்பர் பொம்மை ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். மூளைக்கு ரத்தம் போகிறதா என்று பார்க்க, கேட்கும்போதெல்லாம் அமுக்க வேண்டும்.

"அமுக்குங்க." பொம்மை கீச்சென்றது.

துணிக்கடியில் தன் மூச்சே திரும்பி முகத்தில் அடித்தது. எழுந்து ஓட வேண்டும் போல் உடம்பெல்லாம் துடித்தது. ஓடத்தான் வழியில்லை. அந்த ஆறு பேரின் மஞ்சள் தொப்பிகள் கண்ணுக்குள் வந்து நின்றன.

"குழாயை இப்ப மூடறோம். அமுக்குங்க. இன்னொரு தடவை."

ஒன்றரை மணி நேரம் அமுக்கிக்கொண்டே கிடந்தார்.

ஆறு வாரம் கழித்து நெஞ்சு ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது. இத்தனை வருடப் பழக்கமான சிகரெட்டும் போயிற்று. காலுக்குத் தேதி இன்னும் தரவில்லை. வலிக்கும் வரை நட, நின்று மறுபடி நட என்பதுதான் இப்போதைய வைத்தியம். சர்டிபிகேட் கிடைக்கவில்லை, கிடைக்கவும் போவதில்லை. தினமும் மனைவியோடு தெருக்கோடி வரை நடக்கிறார். நேற்று மூன்று தடவைதான் நின்றார்.