தொட்டாச்சிணுங்கி வீடு மாறினாள்

தடால் என்று சத்தம். வாயாடியின் கையிலிருந்த டீ துள்ளி, மதியம் ஆய்வுக் குழுவுக்குக் காட்டவேண்டிய வரைபடங்களின் மேல் பாதி கொட்டியது. அந்தச் சத்தம் அடங்குவதற்குள் தண்ணீர் மட்டத்தைச் சொல்லும் அலாரம் கீ, கீ என்று அலறத் தொடங்கியது.

"அண்ணா, என்ன அது?"

"ஒண்ணுமில்ல, ஷெல்ஃப்தான்" என்றது பக்கத்து அறையிலிருந்து பாசியின் குரல். ஒரு மூச்சு விட்டு, "உன் தொட்டிமேல" என்றது.

பாசி அவளுக்கு மூத்த ஆராய்ச்சி மாணவன். கடற்பாசியைப் பற்றி ஆராய்கிறான். எத்தனை வருடமாக என்று யாரும் கேட்பதில்லை. "பேருக்கேத்த மாதிரி ஒட்டிக்கிட்டான், சுரண்டினாலும் போகமாட்டான்" என்பார் அவர்கள் இருவருக்கும் வழிகாட்டியான மேடம். காலி நத்தைக் கூடுகளைக் கழுவி, பெட்டி பெட்டியாக அந்தப் பலகையில் அடுக்கியவன் அவன்தான். "தாங்காதுண்ணா" என்று இவள் சொன்னபோது, "நீ இருக்கிற அறையில நான் தாங்கல?" என்று சிரித்தான்.

இப்போது பலகை தாங்கவில்லை.

வாயாடி ஓடிப்போய்ப் பார்த்தாள். நீளமான கண்ணாடித் தொட்டி. அதைப் பன்னிரண்டு அறைகளாகப் பிரித்திருந்த வலைத் தடுப்புகள் சாய்ந்து கிடந்தன. ஒவ்வோர் அறையிலும் ஒரு துறவி நண்டு இருந்தது. பெயர்தான் துறவி. இதன் வயிறு வெறும் சதை, மூட ஓடு கிடையாது. அதனால் செத்துப்போன நத்தையின் கூட்டில் வாடகையில்லாமல் குடியிருக்கும். உடம்பு பெருத்தால் பெரிய கூடாகத் தேடிப் போகும். "வீட்டுமேல இதுக்கு இருக்கிற ஆசை எந்தக் குடும்பஸ்தனுக்கும் கிடையாது" என்று மேடம் வகுப்பில் சொல்வதுண்டு.

தண்ணீர் மேசை வழியாக வழிந்து மின்சாரப் பலகையை நோக்கிப் போனது. நண்டைப் பார்ப்பதா, உயிரைப் பார்ப்பதா? இருவரும் மெயினை அணைத்து, வாளியும் துணியுமாகத் தரையில் மண்டியிட்டுத் துடைத்து முடித்து நிமிர்ந்தபோது தொட்டிக்குள் ஓர் ஊரே குடிபெயர்ந்து கொண்டிருந்தது. மேலேயிருந்து விழுந்த புதுக் கூடுகளைச் சுற்றிக் கூட்டம். பெரிய நண்டு பெரிய கூட்டுக்குள் புகுந்ததும், அது விட்ட கூட்டில் அடுத்தது. அடுத்தது விட்டதில் அதற்கடுத்தது. வரிசையில் நின்று, முன்னால் இருப்பவன் காலி செய்யட்டும் என்று காத்திருந்தன.

"அடடா, என்ன ஒழுங்கு! நம்ம கேன்டீன்ல இப்படி நிப்பானுங்களா?" என்று வியந்தான் பாசி.

"அண்ணா, நான் நம்பர் எழுதினது கூட்டுமேல!"

அவன் வாய் திறந்தபடி நின்றது.

அவளுடைய ஆராய்ச்சியே நண்டுகளின் குணத்தைப் பற்றியது. நண்டைத் தூக்கிக் கவிழ்த்துவிட்டுத் திரும்ப வைத்தால் கூட்டுக்குள் ஒடுங்கிக்கொள்ளும். சில உடனே எட்டிப் பார்க்கும். சில வெகுநேரம் பயந்து கிடக்கும். எத்தனை முறை செய்தாலும் தைரியசாலி தைரியசாலிதான், கோழை கோழைதான் என்பது அவள் கட்சி. போன கூட்டத்தில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் மீசையைத் தடவிக்கொண்டு, "நண்டுக்குக் குணமா? அடுத்தது ஜாதகம் பார்ப்பீங்களா?" என்று கேட்டிருந்தார். இன்று அவர் கையெழுத்துப் போட்டால்தான் ஆராய்ச்சி தொடரும். இல்லையென்றால் தலைப்பை மூட்டைகட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

விஷயம் தெரிந்து மேடம் தலையில் கைவைத்துக்கொண்டார். "ஏம்மா, நண்டு உடம்புல எழுதத் தோணலையா உனக்கு?"

"அது தோல உரிச்சுக்கும் மேடம், நம்பர் போயிடும்."

"அதனால வீடு மாத்துறதோட வீட்டுக் கதவுல பேர் எழுதினியாக்கும்!"

"ஒவ்வொண்ணும் தனி அறை, மாத்திக்க வேற கூடே இல்லன்னு..."

பாசி சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டான்.

அந்த நேரம் பார்த்து அம்மாவிடமிருந்து போன். "பரீட்சை முடிஞ்சுதாடி?"

"இல்லம்மா. நண்டெல்லாம் வீடு மாறிடுச்சு."

"நம்மள மாதிரியா? லாரிக்குச் சொல்லியாச்சா?" என்றாள் அம்மா. பின்னணியில் குக்கர் விசில், தம்பிகளின் சண்டை, அப்பாவின் இருமல், அத்தையின் டி.வி., எல்லாம் ஒன்றாகக் கேட்டன. எல்லாம் ஒரே அறை. வாயாடிக்கு அந்த வீட்டில் வேறு பெயர்: ஊமைக்கோட்டான். பள்ளிப் பாடம் முழுவதையும் மாடிப்படியில் உட்கார்ந்து, ஏறி இறங்குகிறவர்களுக்குக் காலை மடக்கி வழிவிட்டபடியே படித்தவள். மூச்சுவிடவே இடமில்லாத இடத்தில் பேச்சுக்கு எங்கே போவாள்? கல்லூரிக்கு வந்த முதல் மாதத்திலேயே விடுதிக் காப்பாளர் கதவைத் தட்டி, "தனியா இருந்துக்கிட்டு யாரோடம்மா இவ்வளவு பேசுற?" என்று கேட்டார். வாயாடி என்ற பெயர் அங்கே பிறந்தது.

ஏன் கடல் உயிரியல் என்று நேர்முகத்தில் யார் கேட்டாலும் அவளிடம் ஒரு பதில் தயாராக இருக்கும்: "சின்ன வயசுலேர்ந்தே கடல்னா எனக்கு உயிர்." இளங்கலைக்குச் சேரும்போது சொன்னாள், முதுகலைக்குச் சொன்னாள், உதவித்தொகைக்கும் சொன்னாள். இத்தனைக்கும் கடலை அவள் முதலில் பார்த்தது கல்லூரிப் பேருந்திலிருந்து. படகில் ஏறிய முதல் நாள் மிதவை உயிரிகளைச் சேகரிப்பதற்குப் பதிலாக, சாப்பிட்டதையெல்லாம் கடலுக்கே கொடுத்துவிட்டு வந்தாள்.

மதியம் மீசைக்காரர் வந்தார். மேடம் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவர் தொட்டியைச் சுற்றி வந்தார். "ஆக, இப்போ எது எதுன்னு யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியும் சார்" என்றாள் வாயாடி.

"எப்படி?"

"குணத்தை வெச்சு."

மேடம் கண்ணை மூடிக்கொண்டார்.

சுவரோரமாகப் பாசியின் தொண்டைக் கனைப்பு. "சார், போஸ்டருக்காகப் போன வாரம் ஒவ்வொரு நண்டோட கொடுக்கையும் நான் போட்டோ எடுத்தேன். புள்ளியும் கோடும் ஒவ்வொண்ணுக்கும் வேற வேற."

மீசைக்காரரின் முகம் மலர்ந்தது. "அத இவங்க கண்ணுல காட்டாதீங்க. என்கிட்ட கொடுங்க. நீங்க குணத்தை வெச்சுச் சொல்லுங்கம்மா. நான் கொடுக்கை வெச்சுப் பார்க்கிறேன். சரியா இருந்தா கையெழுத்து. இல்லன்னா வேற தலைப்பு. சம்மதமா?"

"சம்மதம் சார்."

முதல் நண்டைக் கவிழ்த்து வைத்தாள். மறுகணமே அது வெளியே வந்து கொடுக்கை ஆட்டியது. "மாமனார்" என்றாள்.

"யாரு?"

"நாலாம் நம்பர் சார். எப்பவும் கோபம்."

அடுத்தது ஒரு கண்ணை மட்டும் நீட்டி நோட்டம் விட்டது. "பக்கத்து வீட்டு அத்தை. ஒன்பது." மூன்றாவது வெளியே வந்தும் அசையாமல் சோம்பிக் கிடந்தது. "பாசி அண்ணா. ரெண்டு."

"அடிப்பாவி!" என்றான் பாசி.

மீசைக்காரர் படத்தைப் பார்ப்பதும், கொடுக்கைப் பார்ப்பதும், தலையாட்டுவதுமாக இருந்தார். மாமனார் சரி. அத்தை சரி. பாசி அண்ணா மிகவும் சரி. பதினொன்று முடிந்தபோது மேடம் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார். மிச்சம் ஒன்றே ஒன்று. எல்லாவற்றிலும் அழகான, வழவழப்பான புதுக் கூட்டில் இருந்தது.

கவிழ்த்து வைத்தாள். வைத்த கை விலகுவதற்குள் வெளியே வந்து, அவள் விரலையே பிடிக்கப் பார்த்தது.

வாயாடி கையை இழுத்துக்கொண்டாள். மறுபடி செய்தாள். மறுபடியும் அப்படியே.

"சொல்லும்மா, மிச்சம் ஒண்ணுதானே?" என்றார் மேடம்.

"மிச்சம் தொட்டாச்சிணுங்கி மேடம். ஏழு. தொட்டா டீ குடிச்சிட்டு வர்ற வரைக்கும் வெளிய வரமாட்டா. கணக்குப்படி இது அவதான். ஆனா குணத்தை வெச்சுத்தானே சொல்லணும்? குணத்தைப் பார்த்தா இது அவ இல்ல. தெரியல சார்."

மேடத்தின் நெற்றி சுருங்கியது. பாசி கூரையைப் பார்த்தான். மீசைக்காரர் கொடுக்கின் அருகே படத்தைப் பிடித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ஏழுதான்" என்றார். "அவளேதான்."

வாயாடி குனிந்து தொட்டிக்கு வெகு அருகில் முகத்தை வைத்தாள். தொட்டாச்சிணுங்கி பழைய கூட்டில் இருந்தபோது பாதி உடம்பு எப்போதும் நசுங்கியே இருக்கும். இப்போது புதுக் கூட்டைத் தூக்கிக்கொண்டு, மாமனாரின் வழியை மறித்து, தொட்டியின் நடுவில் அகலக் கால் வைத்து நின்றாள்.

"இத்தனை நாளா அவளுக்குக் கூடு சின்னதா இருந்திருக்கு சார்" என்றாள் மெதுவாக. "நான் அதைக் குணம்னு எழுதி வெச்சிருக்கேன்."

"அப்போ உங்க கட்சி தோத்துப்போச்சா?"

"பதினொண்ணு ஜெயிச்சுது சார். இவ ஒருத்திய வெச்சு இன்னொரு கேள்வி கேட்கணும்."

மீசைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். மீசை மேலும் கீழும் ஆடியது. தாளை இழுத்து, பேனாவின் மூடியைத் திறந்தார். கையெழுத்துப் போடப்போனவர் நிறுத்தி நிமிர்ந்தார்.

"போன தடவை கேட்க மறந்துட்டேன். எத்தனையோ படிப்பு இருக்க, கடல் உயிரியலுக்கு ஏம்மா வந்தீங்க?"

தயாரான பதில் நாக்கின் நுனி வரை வந்தது. சின்ன வயசுலேர்ந்தே... வாயாடி தொட்டியைப் பார்த்தாள். தொட்டாச்சிணுங்கி இன்னும் நடுவிலேயே நின்றிருந்தாள்.

"மத்த படிப்புக்கெல்லாம் வீட்டுலேர்ந்து வந்து போகச் சொன்னாங்க சார். இதுக்குத்தான் ஹாஸ்டல்ல தனி ரூம் தர்றோம்னாங்க."